காங்கயம் பயணம், கடைசி நாள்: போசியில் கழுவிய பிலிம்

ஞாயிற்றுக்கிழமை. பிலிம்காரர்கள் சந்திப்பு இன்றோடு முடிகிறது. காலையில் பழையகோட்டை மாட்டுத்தாவணி, அதாவது மாட்டுச் சந்தை, அதற்கப்புறம் நாள் முழுக்கக் கழுவுகிற வேலை, எடுத்த பிலிமை மருந்தில் போட்டுப் படமாக்குவதைத்தான் கழுவுவது என்கிறோம், இவ்வளவுதான் திட்டம். கறுப்பு வெள்ளை ரோல் எதையும் கழுவாமல் யாரும் ஊருக்குக் கொண்டுபோகக் கூடாது என்று முதல் நாளே பேசி வைத்திருந்தோம். கலர் ரோலுக்கு மட்டும் விலக்கு. அதன் டெவலப்பரை, படத்தை வெளியே கொண்டுவருகிற மருந்தை, 37.8 டிகிரியில் பிசகாமல் நிறுத்தி, 3 நிமிஷம் 15 நொடியில் வேலையை முடிக்க வேண்டும், இத்தனை பேர் சுற்றி நின்று பேசிக்கொண்டே செய்கிற காரியமில்லை அது.

இந்தக் கட்டுப்பாடு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இப்போதெல்லாம் பிலிமில் படமெடுக்கிற பலரும் ரோல் முடிந்ததும் கூரியரில் ஏதாவது பெரிய ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள், ஸ்கேன் செய்த படங்கள் மெயிலில் வந்ததும் கதை முடிந்தது, வெளிச்சம் கறுப்பாகவும் நிழல் வெறுமையாகவும் தலைகீழாகப் பதிந்த பிலிமான நெகட்டிவைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்கிறவர்கள் குறைவு. எனக்கு அது பொறுக்கவில்லை. கையில் மிஞ்சுகிற பொருள் அந்த நெகட்டிவ்தானே. கேமராவைப் பற்றி மணிக்கணக்கில் பேச ஆள் கிடைக்கிறது, கழுவுவதைப் பற்றிப் பேசத்தான் ஆளில்லை, அந்தக் கை தெரிந்தவர்கள் யாரென்று பார்த்தால் பெரும்பாலும் சின்ன ஊர்களில் ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டு வீட்டில் இருக்கிற பெரியவர்கள். இங்கே வந்ததே அப்படி ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுத்தான். அவரை வெள்ளகோவில் ஐயா என்றே எல்லாரும் கூப்பிட்டோம், நானும் அப்படியே எழுதுகிறேன்.

சரி, காலையிலிருந்து வருகிறேன்.

இருட்டு விலகுவதற்கு முன்பே வேனில் ஏறிவிட்டோம். ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து தடுப்பே இல்லாமல் இந்தச் சமவெளி முழுக்க வீசுகிறது, தாராபுரம், உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்பது இந்தக் காற்றை நம்பித்தான். ரோட்டின் இரண்டு பக்கமும் கொறங்காடு. வெளியூர்க்காரன் கண்ணுக்குக் காய்ந்த பொட்டலாகத் தெரியும், ஆனால் அது பார்த்துப் பார்த்து வளர்த்த மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், மாட்டை எந்தக் காட்டில் எப்போது விடுவது என்பதற்கு ஒரு முறை. வெள்வேலத்தின் பட்டை வெளுத்த நிறம், விடிகிற நேரத்துச் சாய்ந்த வெளிச்சத்தில் கறுப்பு வெள்ளை பிலிமுக்கு அதைவிட நல்ல மரம் எனக்குத் தெரிந்து இல்லை. வேனை நிறுத்தச் சொல்லி மதுரை அண்ணன் மட்டும் இறங்கி ஒரே ஒரு பிரேம் எடுத்துவிட்டு ஏறினார்.

பழையகோட்டைச் சந்தை நத்தக்காடையூர் பக்கம், ஞாயிறுதோறும் காங்கயம் இன மாடுகளுக்கென்றே கூடுவது. உள்ளே போனதும் எங்கள் கூட்டம் தானாகவே பிரிந்துவிட்டது. மயிலை (சாம்பல்), செவலை (சிவப்பு), காரி (கறுப்பு) என்று நிறத்தை வைத்துத்தான் எல்லாப் பேச்சும் தொடங்குகிறது. மயிலைக் காளைக்கு உடம்பு சாம்பல், திமிலும் கழுத்தும் தொடையும் கறுத்துப் போகும். கன்று பிறக்கும்போது செம்மை, சில மாதம் போனால் அந்தச் சிவப்பு கலைந்து சாம்பலாக மாறும். இந்த நிற விஷயத்தை நினைவில் வையுங்கள், சாயங்காலம் இதனால் ஒரு வழக்கே நடந்தது.

மாட்டுக்காரரிடம் கேட்காமல் யாரும் எடுக்கவில்லை. கேட்டால் யாரும் மறுக்கவும் இல்லை, மாட்டைக் கொஞ்சம் திருப்பி நிறுத்தி, கயிற்றை இழுத்துப் பிடித்து, "இப்ப எடுங்க, கொம்பு நல்லாத் தெரியும்" என்று அவர்களே சொல்கிறார்கள். எடுத்ததும் கேமராவின் பின்பக்கத்தைப் பார்க்க வருகிறார்கள். அங்கே ஒன்றும் இல்லை, வெறும் மூடி. பெரியவர் ஒருவர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஓ, ரோல் போடுறதுங்களா" என்று சொன்னபோது அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. தன் கல்யாணப் படம் இப்படி ஒன்றில்தான் எடுத்தது என்றார்.

எடுப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது, புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். கொங்கு வெயில் கறார். ஏழரை மணிக்கே வெளுத்த மாட்டு முதுகு கண்ணைக் கூசும், வயிற்றுக்கடியில் நிழல் கும்மிருட்டு. கேமராவுக்குள் இருக்கிற மீட்டர் எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துக்கொண்டுதான் அளவு சொல்லும், அதனால் வெளுத்த மாட்டைக் காட்டினால் படத்தை இருட்டாக்கிவிடும். நேற்று கொப்பரைக் களத்திலும் இதே கதைதான், உடைத்துக் காயப்போட்ட தேங்காய் மூடிகள் ஏக்கர் கணக்கில் வெள்ளை வெளேரென்று. பழைய ஆட்கள் சொல்கிற வழி: நிழலுக்கு அளவெடு, வெளிச்சத்துக்குக் கழுவு. அதாவது நிழல் பகுதியில் விவரம் வருகிற மாதிரி தாராளமாக வெளிச்சம் கொடுத்துவிட்டு, கழுவும்போது டெவலப்பரில் நேரத்தைக் குறைத்து வெள்ளைப் பகுதி வெந்துபோகாமல் காப்பாற்றுவது. பிலிமின் வேகத்தை, அதாவது அது வெளிச்சத்தை எவ்வளவு சுலபமாகப் பிடிக்கும் என்பதை, ஐ.எஸ்.ஓ. எண்ணால் சொல்வார்கள்; ஐ.எஸ்.ஓ. 400 உள்ள எச்.பி.5 என்கிற கறுப்பு வெள்ளை ரோலை நாங்கள் பலரும் 200 என்று வைத்து, இரண்டு மடங்கு வெளிச்சம் கொடுத்தே எடுத்தோம். எடுக்கிறவரும் கழுவுகிறவரும் ஒரே ஆளாக இருந்தால்தான் இந்தக் கணக்கு சரியாக நடக்கும். லேபுக்கு அனுப்பினால், தனியாகச் சொல்லாவிட்டால், அங்கே எல்லா ரோலுக்கும் ஒரே நேரம்தான்.

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து வந்த கல்லூரிப் பெண்ணிடம் அவள் அப்புச்சியின், அம்மாவின் அப்பாவின், ஆக்ஃபா கிளிக் 3 இருந்தது. பரோடாவில் தயாரித்து நாடு முழுக்க விற்ற பெட்டி மாதிரியான கேமரா, 120 என்கிற அகலமான ரோலில் 12 சதுரப் படம் விழும், வெயில், மேகம் என்பதைத் தாண்டிப் பெரிதாகத் திருப்ப ஒன்றும் இல்லை. மெதுவான பிலிம்கள் இருந்த காலத்தில் அதற்கேற்பச் செய்தது. அவள் அதில் இல்ஃபோர்ட் கம்பெனியின் ஆர்த்தோ பிளஸ் பிலிம் போட்டிருந்தாள், ஐ.எஸ்.ஓ. 80, அந்தக் கேமராவுக்கும் நம்மூர் வெயிலுக்கும் தோதான வேகம். நேற்று தோட்டத்தில் பாதி ரோல், இன்று சந்தையில் மீதி. கூட்டம் எவ்வளவு நெருக்கினாலும் அவசரப்படாமல், கேமராவை வயிற்றோடு அணைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தாள். நன்றாக எடுக்கிறாள்.

ஒன்பதரைக்குச் சாளைக்குத் திரும்பினோம். தோட்டத்து வீட்டை இங்கே சாளை என்பார்கள். சந்தகையும், இடியாப்பம் மாதிரிப் பிழிவது, தேங்காய்ப்பாலும் தயாராக இருந்தது. தோட்டத்து அம்மா ஆள் எண்ணாமல் பிழிந்து தள்ளியிருந்தார், வட்டலில் விழுந்ததையெல்லாம் சாப்பிட்டோம்.

இனி தண்ணீர் விஷயம். இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாக எழுத நினைத்ததே இதுதான்.

கோயம்புத்தூர்க்காரர்கள் சிறுவாணித் தண்ணீரைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள், சொல்லலாம், ஆனால் அது காங்கயம் பக்கம் வராது. இங்கே தோட்டத்தில் போர் தண்ணீர், உப்பு. துணி துவைத்தால் சோப்பு நுரைக்காது. அந்தத் தண்ணீர் பிலிமில் சொட்டாக நின்று காய்ந்தால் வட்ட வட்டமாக வெள்ளைத் திட்டு விழும், பிரிண்டில் அது அப்படியே தெரியும். இன்னொரு தொல்லை சூடு. கறுப்பு வெள்ளைக்குப் புத்தகங்களில் போட்டிருக்கிற நேரமெல்லாம் 20 டிகிரிக்கு. போர் தண்ணீரில் தெர்மாமீட்டரை விட்டால் 28 காட்டியது. ஐஸ் வாங்கி வரலாமா என்று யோசித்தபோது ஐயா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். முந்தின நாள் சாயங்காலமே மண்பானைகளில் தண்ணீர் ஊற்றி, ஈரச் சாக்கைச் சுற்றி, காற்று வருகிற திண்ணையில் வைக்கச் சொன்னார். காலையில் பார்த்தால் 24. கரண்ட் செலவு கிடையாது, ஆடிக் காற்றே குளிர வைத்துக் கொடுத்துவிட்டது. 20 டிகிரியில் டி-76 டெவலப்பரைத் தண்ணீரோடு ஒன்றுக்கொன்று கலந்ததில் எச்.பி.5 ரோலுக்கு 11 நிமிஷம், 24 டிகிரியில் அது கிட்டத்தட்ட 8. அதிகமாக வெளிச்சம் கொடுத்து எடுத்த ரோல்களுக்கு அதிலும் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்து ஆறரை நிமிஷம் என்று முடிவு செய்தோம். ரோல் ஒவ்வொன்றின் மேலும் எடுத்தவர் எழுதி ஒட்டியிருந்ததைப் பார்த்துத்தான் நேரம். இருபது டிகிரி இல்லையே என்று வீட்டில் பயந்துகொண்டிருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், சூட்டுக்கேற்ப நேரத்தைக் குறைத்தால் போதும், பயப்படவே வேண்டாம்.

டெவலப்பரை ஐயா நேற்றே கலந்து வைத்திருந்தார். டி-76 என்பது கோடாக் கம்பெனி 1920களில் கொண்டுவந்த சூத்திரம், இன்றைக்கும் மாறவில்லை: ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், வெங்காரம் 2 கிராம். வெங்காரம் என்றால் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற அதே வெங்காரம்தான். அவர் ஸ்டுடியோ நடத்திய காலத்தில் ரெடிமேட் பாக்கெட் வாங்கிக் கட்டுப்படியாகாது, தனித்தனியாக வாங்கித் தராசில் நிறுத்துப் போடுவார்களாம். தண்ணீரைக் கைபொறுக்கிற சூட்டுக்கு மேலே காய்ச்சி, முதலில் ஒரு சிட்டிகை சல்பைட், அப்புறம் மெட்டால், அது முழுசாகக் கரைந்த பிறகுதான் மீதி சல்பைட்டைக் கொட்ட வேண்டும், ஏனென்றால் சல்பைட் நிறைந்த தண்ணீரில் மெட்டால் கரையாது. கலக்குவதற்கு மட்டும் உப்புத் தண்ணீர் கூடாதென்று கேன் தண்ணீர். தராசை அவர் பார்த்த விதம், குனிந்து, மூச்சை அடக்கி, விரல் நுனியால் பேப்பரைத் தட்டித் தட்டி, நான் பக்கத்தில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹைப்போவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பிலிமை நிலைநிறுத்துகிற ஹைப்போ, சோடியம் தயோசல்பேட். திருப்பூர், ஈரோடு பக்கம் சாயப்பட்டறைகளுக்குக் கெமிக்கல் விற்கும் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம், பிளீச்சிங் போட்ட துணியில் தங்குகிற குளோரினை முறிக்க அது பயன்படுவதுதான். ஆனால் வெறுமனே ஹைப்போ என்று கேட்டால் துணி வெளுக்கிற பிளீச் திரவத்தை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அதில் பிலிமைப் போட்டால் மேல்பூச்சே கரைந்து போய்விடும். முழுப் பெயரைச் சொல்லி வாங்குங்கள்.

பத்தரைக்குத் தொடங்கினோம். சேஞ்சிங் பேக் என்கிற கறுப்புத் துணிப் பைக்குள் இரண்டு கையையும் விட்டு, கண்ணால் பார்க்காமல் பிலிமை ரீலில் சுற்ற வேண்டும். புதியவர்கள் பயப்படுவது இதற்குத்தான். கை வியர்த்தால் பிளாஸ்டிக் ரீலில் பிலிம் ஒட்டிக்கொண்டு நகராது. ஈரோட்டுத் தம்பி முதல் தடவை செய்கிறான், பைக்குள்ளே கை, முகம் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு, நெற்றியெல்லாம் வியர்வை. ஐயா பக்கத்தில் உட்கார்ந்து, "அவசரமில்ல தம்பி, மூலை ரெண்டையும் கத்திரியில துளி நறுக்கிவிடு, அப்புறம் தானாப் போகும்" என்றார். போனது. ரீலை உள்ளே வைத்து, வெளிச்சம் புகாத டேங்கின் மூடியைத் திருகுகிற சத்தம் கேட்டதும் எல்லாரும் கை தட்டினோம்.

அதன் பிறகு திண்ணையே ஒரு பட்டறை ஆகிவிட்டது. ஒருவர் டேங்கைக் கவிழ்க்க, ஒருவர் போனில் நேரம் பார்க்க, ஒருவர் பானையிலிருந்து மொண்டு ஊற்ற. கடைசி அலசலுக்கு இல்ஃபோர்ட் சொல்லிக் கொடுத்த முறையைப் பிடித்துக்கொண்டோம்: டேங்கில் தண்ணீர் நிரப்பி 5 தடவை கவிழ்த்துக் கொட்டு, மறுபடி நிரப்பி 10 தடவை, மறுபடி நிரப்பி 20 தடவை. அவ்வளவுதான். குழாயைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் ஓடவிடுகிற பழக்கம் இந்த வறண்ட பூமியில் பாவம். தோட்டத்து அம்மா, போட்டோ கழுவ ஒரு லாரித் தண்ணி ஆகுமோ என்று முதல் நாள் கவலைப்பட்டவர், மூன்றே தடவை ஊற்றியதைப் பார்த்துவிட்டு, "இத்தனூண்டுதானா, எங்கூட்டுல பாத்திரங் கழுவவே இதவிட ஆகுமே" என்றார். கடைசியாக ஒரு முக்கு டிஸ்டில்டு வாட்டரில், பேட்டரிக்கு ஊற்றுவதற்கென்று கேனில் விற்கிறார்களே அதே தண்ணீர், ஈரத்தைச் சமமாக வழிய விடுகிற திரவம் சில சொட்டுகள் சேர்த்து. உப்புத் திட்டு ஒன்றுகூட விழவில்லை.

உலர வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. வெளியே இவ்வளவு காற்று இருந்தும் திண்ணையில் தொங்கவிட முடியாது, ஈரப் பிலிமில் ஒட்டிய தூசி காய்ந்தபின் எடுக்கவே வராது. குளிக்கிற அறையில் சுவரெல்லாம் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டு, கொடி கட்டி, மேலே ஒரு கிளிப், கீழே கனத்துக்கு ஒரு கிளிப், கதவைச் சாத்திவிட்டோம். யாரும் உள்ளே போகக் கூடாதென்று அந்த வீட்டுப் பேரனைக் காவலுக்கு வைத்தோம். ஒன்றாங்கிளாஸ் படிக்கிறான், அவனைத் தாண்டி ஈ போகாது.

ஆர்த்தோ ரோலுக்கு டேங்க் தேவையில்லை. அந்தப் பிலிமுக்குச் சிவப்பு நிறம் தெரியாது, அதனால் அடர்சிவப்பு வெளிச்சத்தில் வைத்துக் கண்ணால் பார்த்தே கழுவலாம். தவசம், அதாவது தானியம், போட்டு வைக்கிற ரூமில் ஜன்னல் கிடையாது, கதவிடுக்கில் கோணிச் சாக்கை அடைத்தோம். ஐயா தன் ஸ்டுடியோவின் பழைய சிவப்பு விளக்கைக் கொண்டுவந்திருந்தார். ஆனால் அதை அப்படியே நம்பவில்லை. இருட்டில் பிலிமின் நுனியில் ஒரு துண்டை வெட்டி, அதன் மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்து, சிவப்பு விளக்கின் கீழ் சில நிமிஷம் விட்டு, பிறகு கழுவிப் பார்த்தார். விளக்கு கெட்டது என்றால் காசு இருந்த வட்டம் மட்டும் தெளிவாக நிற்க, சுற்றிலும் கறுத்திருக்கும். வட்டம் தெரியவில்லை. அதற்கப்புறம்தான் ரோலைப் பிரித்தார்.

மூன்று போசிகள், இங்கே பாத்திரத்தைப் போசி என்பார்கள். ஒன்றில் டெவலப்பர், ஒன்றில் தண்ணீர், ஒன்றில் ஹைப்போ. சமையலறைப் போசிகள் இல்லை, அந்த அம்மா அதற்கென்றே ஒதுக்கிக் கொடுத்த பழையவை, இனி சமையலுக்கு எடுக்கக் கூடாதென்று நாங்களும் சொல்லிவிட்டோம். ஐயா பிலிமின் இரண்டு நுனியையும் கைக்கொன்றாகப் பிடித்து, நடுப்பகுதி டெவலப்பரில் நனைகிற மாதிரி வலது கையை ஏற்றி இடது கையை இறக்கி, இடது கையை ஏற்றி வலது கையை இறக்கி, ஊஞ்சல் மாதிரி ஆட்டிக்கொண்டே இருந்தார். வயதான கை, ஆனாலும் வேகம் ஒரு தடவைகூட மாறவில்லை. கொஞ்ச நேரத்தில் பாலாடை நிறத்தில் இருந்த பிலிமில் கறுப்புக் கட்டங்கள் வரிசையாக எழ ஆரம்பித்தன, முதலில் வானம், அப்புறம் மாட்டு முதுகு. கோபிப் பொண்ணு வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் ஸ்கேனில்தான் இதுவரை தன் படங்களைப் பார்த்திருக்கிறாள், ஒரு படம் உண்டாவதை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். "போதுமுங்களா?" என்று அவளிடமே கேட்டார் ஐயா. அவள் முழித்தாள். "உம்பட படம் அம்மிணி, நீதான் சொல்லோணும்" என்றார். இன்னும் கொஞ்சம் என்று அவள் சொன்னதும் ஆட்டினார், போதும் என்றதும் எடுத்தார். அரை நூற்றாண்டு அனுபவம் உள்ள ஒருவர் அந்தத் தீர்ப்பை அவளிடம் விட்டது பெரிய விஷயம்.

மத்தியானம் அரிசிம்பருப்பு சாதம், நெய், கத்தரிக்காய். அரை மணி நேரம் யாரும் பேசவில்லை.

மூன்று மணிக்கு நெகட்டிவ்கள் காய்ந்திருந்தன. 120 நெகட்டிவ் பெரிது, பேப்பர் மேல் அப்படியே வைத்து, மேலே ஒரு கண்ணாடியால் அழுத்தி, லைட்டை ஒரு நொடி போட்டு அணைத்தால் அதே அளவுக்கு கான்டாக்ட் பிரிண்ட் கிடைத்துவிடும், படத்தைப் பெரிதாக்குகிற என்லார்ஜர் வேண்டாம். தவசம் ரூமுக்குள் நாங்கள் நெருக்கியடித்து நிற்க, முதலில் போட்டது கோபிப் பொண்ணு நேற்று தோட்டத்தில் எடுத்த செவலைக் கன்று. பேப்பரில் படம் எழும்பி முடிந்ததும் பேரன் எட்டிப் பார்த்துவிட்டு ஒரே வழக்கு. "எங்க கன்னு இல்லீங்க்கா இது. எங்குளுது செவலை. இது காரி." உண்மைதான், படத்தில் கன்று கன்னங்கரேலென்று நின்றது. சிவப்பைப் பார்க்காத பிலிமுக்குச் செவலை மாடு வெளிச்சமே தராத பொருள், நெகட்டிவில் அந்த இடம் காலிக் கண்ணாடியாக நிற்கும், பிரிண்டில் கறுப்பாகும். இதை அவனுக்கு எப்படிச் சொல்வது? ஐயாதான் வழி கண்டுபிடித்தார். சிவப்பு விளக்கின் கீழேயே ஒரு வெள்ளைத் தாளில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டுக் காட்டினார், கோடு தெரியவில்லை. அதே தாளை வெளியே வெயிலில் கொண்டுபோய்க் காட்டினார், கோடு இருந்தது. சிவப்பு வெளிச்சத்தில் நம்ம கண்ணுக்குச் சிவப்புக் கோடு மறைகிற மாதிரி, இந்த ரோலுக்கு ஒரு நிறம் மட்டும் தெரியாது என்றார். பையன் தாளை இரண்டு மூன்று தடவை உள்ளேயும் வெளியேயும் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டான்.

அதற்கப்புறம் ஐயா தன் பையிலிருந்து ஒரு பழைய பேப்பர் கவரை எடுத்தார். மேலே மங்கிய மசியில் ஒரு நம்பர். கண்ணபுரம் மாரியம்மன் கோயில் தேர்த் திருவிழா மாட்டுச் சந்தைக்கு அந்தக் காலத்தில் கேமராவோடு போவாராம், ஜோடி வாங்கினவர்கள், விற்கிறவர்கள் எல்லாம் மாட்டோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்களாம். அந்த நெகட்டிவைத் தேடி எடுத்து வந்திருக்கிறார். பேப்பரை டெவலப்பரில் விட்டார். வேட்டி, தலைப்பாகை, இரண்டு பக்கமும் மயிலைக் காளை, நடுவில் கயிற்றைப் பிடித்தபடி ஒரு ஆள். தோட்டத்து அம்மா ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார். "மாமா," என்றார். அவருடைய மாமனார். அந்த வீட்டில் அவருடைய படம் என்று இருந்தது வயதான காலத்தில் எடுத்து மாலை போட்டு மாட்டிய ஒன்றுதான். இது முப்பது வயது முகம், மீசை கறுப்பு. ஐயாவைப் பார்த்து, "இது உங்ககிட்டயே இருந்துச்சுங்களாண்ணா, இத்தன வருசமா?" என்றார். "பொட்டியில கெடந்துச்சு அம்மிணி" என்று சொல்லிவிட்டு ஐயா அடுத்த பேப்பரை எடுத்தார். மூன்று பிரதி போட்டோம், நாத்தனார் வீட்டுக்கும் கொழுந்தனார் வீட்டுக்கும் சேர்த்து.

பிரிண்ட் போட்டு முடித்துத் திண்ணைக்கு வந்தபோது ஐயா அந்தப் பெட்டியைப் பற்றிச் சொன்னார். ஸ்டுடியோவைப் பூட்டும்போது கேமராவை விற்றார், பேக்ரவுண்ட் ஸ்கிரீனைக் கொடுத்துவிட்டார், நெகட்டிவை மட்டும் விடவில்லை. தகரக் கூரைக்குக் கீழே அட்டைப் பெட்டிகளில் இருக்கிறது. காது குத்து, சீர், கல்யாணம், பாஸ்போர்ட் சைஸ், பொண்ணு பார்க்க அனுப்பிய படம், சந்தை, மாடு. ஊட்டியில் 1960ல் அமைந்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் இந்து ரோலில் எடுத்தவையும் அதில் உண்டு, அந்தக் கம்பெனியே இன்றைக்கு இல்லை. முகத்தில் பென்சிலால் டச்சிங் செய்ததெல்லாம் நெகட்டிவில் அப்படியே தெரிகிறது, கன்னத்தில் பொடிப்பொடியான கோடுகள், ஒவ்வொன்றும் கையால் போட்டது. இப்போது சில பெட்டிகளைத் திறந்தால் புளிச்ச வாடை அடிக்கிறதாம்.

அந்த வாடை என்னவென்று எங்களில் சிலருக்குத் தெரியும். அசிடேட் என்கிற பிளாஸ்டிக்கில் செய்த பிலிம் சூட்டிலும் ஈரத்திலும் சிதையத் தொடங்கினால் அசிட்டிக் அமிலம் வெளியே வரும், வினிகரின் நெடி அதுதான். வெளியே வருகிற அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்தும், பக்கத்தில் இருக்கிற நல்ல நெகட்டிவையும் கெடுக்கும். பிலிம் சுருங்கி, நெளிந்து, மேல்பூச்சு பிரிந்துவிடும். அதை மருந்து போட்டுத் திரும்பச் சரிசெய்ய முடியாது, தாமதப்படுத்தலாம், அதற்குள் படத்தைப் பிரதி எடுத்துவிடலாம். வாடை வருவதைத் தனியாகப் பிரிக்க வேண்டும், பிளாஸ்டிக் கவரில் இறுக்கி மூடக் கூடாது, பேப்பர் கவரில் காற்றோட்டமாக, வீட்டிலேயே குளிர்ச்சியான, ஈரமில்லாத அறையில். தகரக் கூரைக்குக் கீழே ஒரு கோடை கூட இனி விடக் கூடாது.

இதைப் பேசிக்கொண்டிருக்கும்போது எனக்கு உள்ளே ஒரு பதற்றமே வந்துவிட்டது. வெள்ளகோவில் ஒரு ஊர். கரூர், தாராபுரம், சென்னிமலை, அந்தியூர், கோபி, பவானி என்று ஒவ்வொரு ஊரிலும் இப்படி ஒரு ஸ்டுடியோ இருந்தது, அங்கேயும் தகரக் கூரைதான். எத்தனையோ குடும்பங்களில் ஒரே ஒரு படம் கூட இல்லாத ஒரு ஆளின் முகம் அந்தப் பெட்டிகளில் எங்கேயோ இருக்கும். நாம் ஒவ்வொருவரும் புது ரோலுக்கு இவ்வளவு செலவழிக்கிறோம், நம்ம ஊர் ஸ்டுடியோ ஐயாவைப் போய்ப் பார்த்தோமா? அவர் இருக்கும்போதே போனால்தான் கவரின் மேலிருக்கிற நம்பருக்கு ஆள் பெயர் சொல்ல முடியும். மதுரை அண்ணன் அப்போதே திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டார், நாளைக்கு ஐயா வீட்டில் முதல் பெட்டிகளை இறக்கிப் பிரிக்கப் போகிறார்.

கிளம்புவதற்கு முன் மிச்ச வேலை ஒன்று இருந்தது. பயன்படுத்திய ஹைப்போவில் பிலிமிலிருந்து கரைந்த வெள்ளி இருக்கும். அதை வாய்க்காலில் கொட்டுவது என்ற பேச்சே இல்லை, தோட்டத்து அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். காரணம் கேட்க வேண்டியதில்லை. நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை இங்கிருந்து தூரமில்லை, 1992ல் பாசனத்துக்காகக் கட்டியது, திருப்பூர்ச் சாயக் கழிவு வந்து தேங்கி, சுற்றிலும் கிணறும் நிலமும் கெட்டது, 2011ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்கிற அளவுக்குப் போனது. இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு சொட்டுக் கெமிக்கல் தண்ணீர் என்றாலும் சும்மா இல்லை. பழைய ஹைப்போவை மூடி போட்ட கேனில் ஊற்றி, அதில் பாத்திரம் தேய்க்கிற இரும்பு நாரைப் போட்டு வைத்தோம், இரும்பு கரைந்து வெள்ளி அடியில் சேறாகப் படியும். கேனைத் திருப்பூர்த் தம்பி எடுத்துப்போகிறான், அவன் அண்ணன் வேலை பார்க்கிற இடத்தில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது, அங்கே கேட்டுக் கொடுப்பதாகச் சொன்னான்.

ஆறு மணிக்குக் காங்கயம் பஸ் ஸ்டாண்டில் பிரிந்தோம். கரூர் வழியாகத் திருச்சி போகிற பஸ்ஸில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், நெகட்டிவ் உறை மடியில் இருக்கிறது.

ஐயாவின் பெட்டிகளைப் பிரதி எடுக்கிற வேலை அடுத்த மாதம் சனி, ஞாயிறுகளில் நடக்கும். டிஜிட்டல் கேமராவும் மேக்ரோ லென்ஸும் வைத்திருப்பவர்கள், லைட் பேனல் உள்ளவர்கள் வந்தால் வேலை சீக்கிரம் நகரும். ஒன்றும் இல்லாதவர்களும் வரலாம், கவர் மாற்றி எழுதுவதற்கே நிறையக் கை வேண்டும், எழுத்து தெளிவாக இருக்கிறவர்களாக இருந்தால் நல்லது. வருகிறவர்கள் பருத்திக் கையுறையும் மெத்தென்ற பிரஷ்ஷும் கொண்டுவாருங்கள். வெள்ளகோவில், முத்தூர், ஓலப்பாளையம் பக்கம் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் ஒரு நாள் அழைத்து வாருங்கள், முகத்துக்குப் பெயர் சொல்ல அவர்களால்தான் முடியும்.